கோட்டையை வரைந்தவர்களும் கோட்டையில் இருந்தவர்களும்
பழைய சேலம் மாவட்டமும் ஆங்கில ஓவியர் பற்றிய நூல்களும்

சேலத்திலிருந்து பவானி நோக்கிச் செல்லும் சாலையில் சங்ககிரியை நெருங்கும்போது, லாரிப் பட்டறைகளுக்கும் சுமைக்காகக் காத்து நிற்கும் லாரிகளுக்கும் அப்பால் ஒரு மலை எழுந்து நிற்கும். அதன் தோளில் வளைந்து வளைந்து ஏறும் மதில்களைப் பேருந்துச் சன்னலின் வழியே எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், பார்த்தும் காணாதிருந்திருக்கிறோம். நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாக எழும்பித் தலையில் கோட்டையைச் சுமந்து நிற்கும் குன்றும் அத்தகையதே. அன்றாடம் கண்ணில் படும் பொருள் கருத்தில் படுவதில்லை.

இக்கோட்டைகளின் மீது நம் கருத்தைத் திருப்பியது மலையடிவாரம் அன்று; சென்னையில் ஒரு நூலகத்தின் மேசை. அரபு இலக்கண நூலொன்றைத் தேடிச் சென்ற இடத்தில், மில்ட்ரெட் ஆர்ச்சர் என்னும் ஆங்கில அம்மையார் 1980இல் வெளியிட்ட ‘ஏர்லி வியூஸ் ஆஃப் இந்தியா’ என்ற பெருநூல் கைக்குக் கிடைத்தது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இரு ஓவியர்கள் 1786 முதல் 1794 வரை மேற்கொண்ட பயணங்களையும் அவர்கள் வரைந்த காட்சிகளையும் விளக்கும் நூல் அது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது ராயக்கோட்டை வந்தது, வீரபத்திரதுர்க்கம் வந்தது, ஜகதேவி வந்தது. நம் வீட்டு முற்றத்தை அயலார் ஒருவர் வரைந்து வைத்திருக்கக் கண்டவரின் நிலையில் நாம் இருந்தோம். மகிழ்ச்சிதான். அம்மகிழ்ச்சியின் ஊடே ஒரு வினாவும் எழுந்தது. மதில் இருக்கிறது, பாறை இருக்கிறது, மேகம்கூட இருக்கிறது. இம்மதில்களுக்குள் நேற்றுவரை வாழ்ந்தவர்கள் எங்கே? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். இன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்காகப் பிரிந்து கிடக்கும் நிலப்பகுதி ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். தருமபுரி 1965இலும், நாமக்கல் 1997இலும், கிருஷ்ணகிரி 2004இலும் தனித்தனி மாவட்டங்களாயின. பழைய சேலம் மாவட்டத்திற்கு மூன்று கூறுகள் இருந்தன: தாலகாட், பாராமகால், பாலகாட். தொப்பூர்க் கணவாய்க்குத் தெற்கே சேலம், நாமக்கல், சங்ககிரி அடங்கிய சமவெளியே தாலகாட். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள் நிறைந்தது பாராமகால். ஒசூர் உள்ளிட்ட மேட்டுநிலம் பாலகாட். இம்மூன்றும் ஹைதர் அலிக்கும் அவர்தம் மைந்தர் திப்பு சுல்தானுக்கும் உரிய மண்ணாக இருந்தவை. ஆதலின் சங்ககிரியின் கதையை ராயக்கோட்டையை விலக்கிவிட்டுப் பேச இயலாது.

இம்மண்ணுக்கு ஆங்கில ஓவியர் வந்த கதை, ஓர் ஓவியர் வர முடியாமற்போன கதையிலிருந்து தொடங்குகிறது. வில்லியம் ஹாட்ஜஸ் என்பவர், கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன்சென்று தென்கடல் தீவுகளை வரைந்து பெயர்பெற்றவர். இந்திய நிலக்காட்சிகளை வரைவதற்கென்றே வந்த முதல் ஆங்கிலத் தொழில்முறை ஓவியர் அவரே எனலாம். 1780இல் சென்னைக்கு வந்து இறங்கினார். அதே ஆண்டு சூலை மாதத்தில் ஹைதரின் படை கணவாய்களைக் கடந்து கருநாடகச் சமவெளியில் பரவியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஹாட்ஜஸ் என்ன செய்வார்? சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அகல இயலாமல் காலம் கழித்து, 1781இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். 1793இல் தாம் எழுதிய பயண நூலில் இதனைக் குறையாகவே குறிப்பிட்டுள்ளார். ஓவிய வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன. நமக்கோ இது பெரிய செய்தி. ஹைதரின் குதிரை உள்நாட்டில் நின்ற வரை, தூரிகை கடற்கரையிலேயே நின்றது. எந்த நிலத்தை யார் தடையின்றி உட்கார்ந்து வரைய முடிந்தது என்பதே அந்நிலம் யார் கையில் இருந்தது என்பதற்குச் சான்றாகிறது.

அடுத்த பதினோராண்டுகளில் காட்சி மாறிற்று. மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனிப் படை பாராமகாலின் கோட்டைகளை ஒவ்வொன்றாக நெருங்கியது. 1791 சூலையில் ராயக்கோட்டை மேஜர் கௌடியிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரியைத் தாக்கிய கர்னல் மேக்ஸ்வெல்லின் படையோ தோற்றுத் திரும்பியது. போர்க்களத்தில் கிருஷ்ணகிரி வீழவில்லை. 1792 மார்ச் மாதத்து ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தின் தாளில்தான் வீழ்ந்தது. சுல்தானின் நாட்டில் ஏறக்குறைய பாதியும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும், பிணையாக இரு புதல்வர்களும் கேட்கப்பட்டனர். பாராமகாலும் சேலத்துச் சமவெளியும் அன்று கைமாறின. ஒசூர்ப் பகுதி 1799 வரை காத்திருந்தது.

இப்போரோடு ஓவியமும் வந்தது. படையில் இருந்த அதிகாரிகள் பலருக்கு வரையத் தெரியும். அக்காலத்தில் கோட்டையின் அமைப்பை வரைவது போர்க்கல்வியின் ஒரு பகுதி. நில அளவையாளர் ராபர்ட் ஹைட் கோல்புரூக் மைசூர் நாட்டின் 12 காட்சிகளையும், கேப்டன் அலெக்சாண்டர் ஆலன் 20 காட்சிகளையும் நூலாக்கினர். பீரங்கிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹன்டர் 1792இலேயே இறந்துவிட, அவர் வரைந்தவை 1804 - 1805இல் 40 படங்கள் கொண்ட நூலாக லண்டனில் வந்தன. ஒசூர் அவற்றில் இடம்பெற்றுள்ளது. இவர்களெல்லாம் வாள் பிடித்த கையால் தூரிகை பிடித்தவர்கள். ராபர்ட் ஹோம் ஒருவரே தொழில்முறை ஓவியர். காரன்வாலிஸின் படையுடன் சென்று, 29 படங்களோடு 1794இல் வெளியிட்ட நூலுக்குத் ‘திப்பு சுல்தானின் நாடாகிய மைசூரின் தேர்ந்த காட்சிகள்’ என்ற பொருள்படப் பெயரிட்டார். நாடு யாருடையது என்பதைத் தலைப்பிலேயே எழுதிய அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம்; விற்பனைக்கும் அப்பெயர் உதவியிருக்கும் என்பது வேறு.

பத்து வயது அப்துல் காலிக், எட்டு வயது முயிஸுத்தீன் ஆகிய இரு இளவரசர்களையும் காரன்வாலிஸ் பிணையாக ஏற்றுக்கொண்ட காட்சியை ஹோம் நேரில் கண்டு பெரிய ஓவியமாகத் தீட்டினார். இதே காட்சியை மேதர் பிரவுன், ஹென்றி சிங்கிள்டன் போன்றோர் லண்டனில் இருந்தபடியே கற்பனையில் வரைந்து விற்றனர். ஹோமின் படத்தில் ஒரு நுட்பம் உண்டு. படத்தின் ஓரத்தில், கையில் சித்திரத் தாள்களின் உறையோடு அவரே நிற்கிறார். பாளையத்தில் ஓவியனுக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை அவரே எழுதிக் கையொப்பமிட்டது போன்றது அது. தந்தையைப் பிரிந்து நிற்கும் இரு சிறார்களின் முன்னிலையில் தம்மையும் வரைந்துகொள்ள ஒருவருக்கு மனம் வந்திருக்கிறதே என்றும் நமக்குத் தோன்றியதுண்டு. இதே ஹோம் பின்னாளில் அவத் நாட்டு அரண்மனையில் காஜியுத்தீன் ஹைதரிடம் ஓவியராகப் பணிபுரிந்து, 1834இல் கான்பூரில் மறைந்தார்.

இனி டேனியல்களிடம் வருவோம். தாமஸ் டேனியல் 1749இல் பிறந்தவர். இந்தியாவுக்கு வர விரும்பும் எவரும் கம்பெனியின் அனுமதியைப் பெற்றாக வேண்டிய காலம் அது. அவர் செதுக்கோவியராகத் தொழில் செய்வதற்கென அனுமதி பெற்று, பதினாறு வயது அண்ணன் மகன் வில்லியமை உடனழைத்துக்கொண்டு 1785இல் புறப்பட்டார். கல்கத்தாவில் தொழில் நடத்தி, வடநாட்டைச் சுற்றி, இமயத்தின் அடிவாரம்வரை சென்று வந்தபின், 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து தென்னாட்டுப் பயணம் தொடங்கினர். ஒப்பந்தம் மார்ச்சில், பயணம் ஏப்ரலில். போர்க்களத்துப் புழுதி அடங்குவதற்குள் ஓவியர்கள் வந்துவிட்டார்கள். பல்லக்குத் தூக்குவோரும் சுமை தூக்குவோருமாகப் பெருங்கூட்டத்தோடு, படை திரும்பிவந்த பாதையில் அவர்கள் எதிர்த்திசையில் சென்றார்கள். பெங்களூரையும் ஒசூரையும் பாராமகாலின் துர்க்கங்களையும் கண்டபின், திருச்சிராப்பள்ளி, மதுரை, பாபநாசம், குமரிமுனை, இராமேசுவரம், தஞ்சை என அப்பயணம் நீண்டது.

அவர்கள் வரைந்த முறையைச் சொல்லாமல் செல்லக்கூடாது. கண்ணால் கண்டு கையால் வரைவதோடு அவர்கள் நிற்கவில்லை. ‘காமிரா ஆப்ஸ்க்யூரா’ எனப்படும் இருட்டறைப் பெட்டியைப் பயன்படுத்தினர். சிறு துளை அல்லது ஆடியின் வழியே வெளிக்காட்சி பெட்டிக்குள் ஒளியுருவாக விழும்; அதன்மேல் தாளை வைத்துக் கோடிழுத்தால் அளவு பிசகாது. இந்த இருட்டறையில் ஒளி செல்லும் முறையை ஆராய்ந்து எழுதிய முன்னோடி பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைஸம் என்பதையும், அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ லத்தீன் மொழி வழியே ஐரோப்பாவைச் சேர்ந்தது என்பதையும் நம் வாசகர்கள் அறிவர். பதினோராம் நூற்றாண்டின் அந்த அறிவு, பதினெட்டாம் நூற்றாண்டில் ராயக்கோட்டையின் எதிரே ஒரு பெட்டியாக வந்து உட்கார்ந்தது என எண்ணிப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு.

இடைமறித்து ஒன்று. ஓவியம் பற்றி எழுதப்புகும் அரபிக் கல்லூரி ஆசிரியரை நோக்கி நண்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவர். ஓவியத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து முறையிட்டபோது, வரைந்தே தீர வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு அன்னார் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. மலை, மதில், மரம் என்றே பெரும்பாலும் நிற்கும் டேனியல்களின் பாராமகால் படங்கள் தம்மையறியாமல் அவ்வனுமதிக்கு உட்பட்டவை என்று சொல்லிச் சிரித்துக்கொள்வது நம் வழக்கம். சிரிப்பின் பின்னால் ஒரு வருத்தம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

1794இல் நாடு திரும்பியபின் இருவரும் தம் வரைவுகளை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். ஆறு தொகுதிகள், தொகுதிக்கு 24 என மொத்தம் 144 படங்கள். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் தோய்த்துத் தகட்டை அரிக்கச் செய்யும் முறை இது. அமிலத்தில் கிடக்கும் நேரத்துக்கேற்ப நிழல் மெல்லியதாகவும் அடர்ந்ததாகவும் அமையும். அச்சிட்டபின் ஒவ்வொரு தாளுக்கும் கையால் நீர்வண்ணம் தீட்டப்பட்டது. முழுத்தொகுதியின் விலை 210 பவுண்டு. பெருஞ்செல்வரும் நூலகங்களும் மட்டுமே வாங்கக்கூடிய விலை. நம் ஊர்ப் பெயர்கள் அவற்றில் அடையாளம் தெரியாதவாறு திரிந்துள்ளன. துர்க்கம் ‘ட்ரூக்’ ஆயிற்று. வீரபத்திரதுர்க்கம் ‘வெராபட்ரூக்’ ஆயிற்று.

இப்படங்கள் இங்கிலாந்தில் என்ன செய்தன என்பதற்குச் செங்கல்லும் கல்லுமே சாட்சி. குளோஸ்டர்ஷயரில் செசின்கோட் என்னும் மாளிகை வெங்காய வடிவக் குவிமாடத்தோடு எழுந்தது. தாமஸ் டேனியல் அதற்கு ஆலோசனை கூறினார். பிரைட்டன் கடற்கரையில் இளவரசர் கட்டிய அரண்மனையின் வெளித்தோற்றத்தில் குவிமாடங்களும் மினார் போன்ற தூண்களும் நிறைந்தன. இங்கே கோட்டைக் காவலர்கள் கலைந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், அங்கே கோட்டை வாசிகளின் கட்டடக்கலை விடுமுறை மாளிகைக்கு அலங்காரமாயிற்று.

இப்போது அந்த வருத்தத்திற்கு வருவோம். டேனியல்களின் கண்ணைப் பழக்கிய அழகுக்கொள்கை அக்கால இங்கிலாந்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் அதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். ஒழுங்கானதைவிடக் கரடுமுரடானது, முழுமையானதைவிடச் சிதைந்தது ஓவியத்திற்குப் பொருத்தமானது என்பது அக்கொள்கையின் சாரம். பாழடைந்த மடமும் இடிந்த கோட்டையும் அவர்கள் கண்ணுக்கு விருந்து. மனிதர் வருவர், ஆனால் அடிவாரத்தில் விரலளவு உருவங்களாக, மலையின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக வருவர். இடிபாட்டைக் கண்டதும் அதன் அமைப்பை நோக்கும் கண் அது. இங்கே இருந்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

அரபு இலக்கியம் படித்தவருக்கு இங்கே ஓர் ஒப்புமை தானாகவே தோன்றும். ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞன் தன் கஸீதாவை எங்கிருந்து தொடங்குகிறான்? பாழிடத்திலிருந்து. இம்ருவுல் கைஸ் தோழர்களை நிறுத்தி வைத்து அழச் சொல்கிறான். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய லபீத் (ரலி) அவர்களின் புகழ்பெற்ற கவிதையும் அழிந்துபோன குடியிருப்பின் தடத்தையே முதலில் காட்டுகிறது. கூடாரக் குழி, அடுப்புக் கல், மழைநீர் ஓடிய வாய்க்கால் என எஞ்சியவற்றையெல்லாம் அக்கவிஞர்கள் நுட்பமாக நோக்குகிறார்கள். நோக்கிவிட்டு, இங்கிருந்தவர் எங்கே போயினர் என்று கேட்கிறார்கள். தமிழிலும் இதற்கு ஒரு துறை உண்டு. பறம்பு மலையை இழந்த பாரி மகளிரின் பாடலைக் கையறுநிலை என்றே புறநானூறு வகைப்படுத்துகிறது. குன்றும் இருக்கிறது, நிலவும் இருக்கிறது. குன்றுக்கு உரியவர் இல்லை. அதியமானின் தகடூரும் வல்வில் ஓரியின் கொல்லிமலையும் அடங்கிய இம்மாவட்டத்திற்கு அத்துறை அந்நியமன்று. ஆக, பாழிடத்தைப் பார்ப்பதற்கு இருவேறு பார்வைகள் உள்ளன. டேனியல்களின் பார்வை மதிலை நமக்குக் காப்பாற்றித் தந்தது. மற்றொரு பார்வையில் இக்கோட்டைகளை நோக்கி எவரும் எழுதவில்லை, நம்மவர் உட்பட.

ஓவியம் வரைந்துகொண்டிருந்த அதே வேளையில் வேறு வகைக் கோடுகளும் இம்மண்ணின்மேல் விழுந்துகொண்டிருந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பாராமகாலின் பொறுப்பை ஏற்று, தாமஸ் மன்றோ, கிரஹாம், மெக்லியோட் ஆகியோரைத் துணையாகக் கொண்டு வயல் வயலாக அளந்து வரி விதித்தார். சேலத்துத் தென்பகுதி மெக்லியோடின் பொறுப்பில் இருந்தது. பின்னாளில் ரயத்துவாரி எனப் பெயர்பெற்ற முறையின் தொட்டில் இதுவே. நில அளவையாளரின் வரைபடமும் ஓவியரின் நிலக்காட்சியும் ஒரே ஆண்டில் ஒரே மலையைச் சுற்றிப் பிறந்தவை. ஒன்றில் வருவாய் இருக்கிறது, மற்றொன்றில் எழில் இருக்கிறது. கில்லேதாரும் அவர்தம் சிப்பாய்களும் கோட்டைப் பள்ளியில் பாங்கு சொன்னவரும் இரண்டிலும் இல்லை.

இவ்வோவியர்களைப் பற்றி எழுந்த நூல்கள் இக்குறையை எவ்வளவு நிரப்பின? இந்தியா ஆபீஸின் ஆவணங்களில் வாழ்நாளைச் செலவிட்ட சர் வில்லியம் ஃபாஸ்டர், 1760 முதல் 1820 வரை இந்தியாவுக்கு வந்த ஆங்கில ஓவியர்களைப் பற்றி 1930களின் தொடக்கத்தில் வால்போல் கழக வெளியீட்டில் எழுதியதே அடித்தளம். யார் எந்தக் கப்பலில் வந்தார், என்ன அனுமதி பெற்றார், எங்கே இறந்தார் என்பதை ஆவணத்தால் நிறுவும் எழுத்து அது. அஸ்மாவுர் ரிஜால் படித்தவர்களுக்கு அதன் போக்கு உடனே பிடித்துப்போகும். 1954இல் தாமஸ் சட்டன் டேனியல்களின் வாழ்க்கையை நூலாக்கினார். மாரிஸ் ஷெல்லிம் 1979இல் அவர்களின் எண்ணெய் ஓவியங்களைத் தொகுத்தார். இவை பயனுள்ளவை, ஆனால் நாயகரைப் போற்றும் மரபிலிருந்து விலகாதவை.

மில்ட்ரெட் ஆர்ச்சர் வேறு தரத்தவர். கணவர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் பீகாரில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர், இந்திய விடுதலைக்குப்பின் தாயகம் திரும்பிய அம்மையார், இந்தியா ஆபீஸ் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சித்திரங்களைப் பல்லாண்டுகள் வகைப்படுத்தினார். 1969இல் வந்த ஆங்கிலேயர் சித்திரங்களின் இரு தொகுதி அட்டவணையே அவருடைய மெய்யான சாதனை என்பது நம் கருத்து. வண்ணப் படங்களோடு வந்த பெருநூல்களை அன்று. அட்டவணையில் அழகுரை இல்லை. எந்த ஊர், எந்த நாள், எவர் கை, தாளின் பின்புறத்தில் என்ன குறிப்பு என்பன மட்டுமே உண்டு. ஊர் வரலாறு எழுதுபவனுக்கு அதுவன்றோ வேண்டும்? இன்னொன்றும் அவருக்குப் பெருமை. ஆங்கில ஓவியரோடு நில்லாது, ஆங்கிலேயருக்காக வரைந்த பெயரற்ற இந்திய ஓவியர்களைக் கணவரோடு சேர்ந்து 1955இலேயே ஒரு நூலின் பொருளாக்கினார். திப்புவின் இயந்திரப் புலியைப் பற்றி 1959இல் தனிநூல் எழுதியவரும் அவரே. 2005இல் மறைந்தார்.

ஆயினும் அவருடைய கேள்வியும் ஓவியரைப் பற்றியதே, வரையப்பட்டவரைப் பற்றியதன்று. எட்வர்டு சயீதின் ‘ஓரியண்டலிசம்’ 1978இல் வந்தபின் எழுதியோர் மறுகோடிக்குச் சென்றனர். இப்படங்களெல்லாம் ஆதிக்கத்தின் கருவிகள் என்று ஒரே வீச்சில் ஒதுக்கும் எழுத்துகளும் வந்தன. இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. அந்தோனியோ மார்ட்டினெல்லி என்ற ஒளிப்படக் கலைஞர் 1990களில் டேனியல்கள் நின்ற இடங்களைத் தேடிச் சென்று, அதே கோணத்தில் படமெடுத்தார். ஜார்ஜ் மிச்செலின் விளக்கத்தோடு அவை 1998இல் நூலாயின. இருநூறாண்டு இடைவெளியில் எது நின்றது, எது விழுந்தது என்பதை அந்த இணைப் படங்கள் காட்டுகின்றன. மதிலின் வரிசையில் டேனியல்கள் பொய் சொல்லவில்லை. சாட்சியின் நோக்கத்தை ஐயுறலாம். நோக்கம் சரியில்லை என்பதற்காகச் சாட்சியத்தையே தூக்கி எறிவது நீதிமுறையன்று. அவன் கண்டதை ஏற்று, காணாததை வேறு சாட்சியால் நிரப்புவதே ஆய்வு.

வேறு சாட்சி உண்டா? ஓரிடத்தில் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் கட்டப்பட்ட தரியா தௌலத் அரண்மனையின் சுவரில், பொள்ளிலூர்ப் போரைத் திப்பு தம் ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். சதுர அணிவகுப்பில் சிக்கிய கம்பெனிப் படை, வெடிக்கும் மருந்து வண்டி, பல்லக்கில் காயத்தோடு பெய்லி, சூழ்ந்துவரும் மைசூர்க் குதிரைப்படை. இங்கே மனிதர் விரலளவு அளவுகோல்கள் அல்லர். ஆடையும் ஆயுதமும் தனித்தனியாகத் தெரியும் ஆட்கள். மங்கிப்போன அச்சுவரோவியம் டல்ஹவுசியின் காலத்தில், 1850களில், மீண்டும் தீட்டப்பட்டது; எனவே இன்று காண்பது முழுவதும் பழைய கையன்று. அக்காட்சியின் தாள் வடிவம் ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது. உருவப்படம் பற்றிய மார்க்க விவாதம் தனிக் கட்டுரைக்கு உரியது. வரலாற்றுச் சான்று என்ற அளவில் அச்சுவர் இல்லையேல் மைசூர்ப் படையின் முகம் நமக்கு இல்லை. தாமஸ் ஹிக்கி என்ற அயர்லாந்து ஓவியர் 1799க்குப்பின் சுல்தானின் புதல்வர்களையும் அவையினரையும் வரைந்து வைத்தார் என்பது உண்மையே. ஆயினும் அவை தோல்விக்குப்பின் எதிரே உட்காரவைக்கப்பட்டவர்களின் முகங்கள்.

சேலத்துச் சமவெளிக்கு அப்படியொரு சுவர் இல்லை. திருமணிமுத்தாற்றின் கரையில் உள்ள சேலம் ஜாமிஆ பள்ளிவாசலில் சுல்தான் தொழுததாகச் செவிவழிச் செய்தி மட்டும் உண்டு. சங்ககிரி என்றதும் 1805இல் அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை நாடு நினைவுகூர்கிறது, நினைவுகூரத்தான் வேண்டும். அதே மலையில் கோயில்களோடு பள்ளிவாசலும் நிற்கிறது. அங்கே தொழுத வரிசையைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகளுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது. வீடுகளில் பழைய பெட்டிகளில் கிடக்கும் பார்சி, உருது எழுத்துகளைப் படிக்கக்கூடியவர் குறைந்து வருகின்றனர். சுல்தான் புகுத்திய மவ்லூதி ஆண்டுக்கணக்கு தெரியாமல், தாளில் இருக்கும் ஆண்டைத் தவறாகப் படித்தவர்களையும் கண்டிருக்கிறோம். இனாம் பத்திரம் என்று தெரியாமல் தாயத்து என்று பாதுகாத்த குடும்பமும் உண்டு. தாயத்து என்று எண்ணியதால்தான் அது பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு மாணவர் சிலரோடு சங்ககிரி மலை ஏறினோம். டேனியல்களின் ராயக்கோட்டைப் படத்தின் அச்சுப்பிரதி ஒன்றைக் கையில் கொண்டு சென்றிருந்தோம், ஒப்பிட்டுக் காட்டுவதற்காக. வாசலுக்குப்பின் வாசலாகக் கடந்து பள்ளிவாசலை அடைந்தபோது அஸர் நேரம். தொழுது முடித்தபின் மாணவர்களுள் ஒருவர் குறிப்பேட்டை எடுத்து மிஹ்ராபின் வளைவை வரையத் தொடங்கினார். கை பழகாத கோடு. வளைவு ஒருபக்கம் சாய்ந்தது. சுவரின் நீளத்தைச் சாண் கணக்கில் அளந்து ஓரத்தில் எழுதினார். எத்தனை பேர் தொழ இடமிருக்கிறது என்று தோழர்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, அந்த எண்ணையும் எழுதினார். பிறகு ஹிஜ்ரித் தேதியையும் ஆங்கிலத் தேதியையும் கீழே இட்டுவிட்டு, “உஸ்தாத், இதிலே யார் பேரை எழுதறது?” என்று கேட்டார். கோட்டையில் இருந்தவர் பெயர் கிடைக்கும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்றோம். ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்துக்கொண்டார்.